மருதங்காதுப் பொடி

தோல் சோதனைக்கு ஊசி போட்ட மூன்றாம் நாள் காலை சுடலைமுத்து சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"பாத்தியளா டாக்டரம்மா, ஒரு தடிப்பு கிடையாது, ஒரு அரிப்பு கிடையாது. பக்கத்துக் கட்டில்காரருக்குக் கை இட்லி மாதிரி வீங்கிப் போச்சு. எனக்கு மருந்து நல்லா ஒத்துக்கிட்டு."

கடையநல்லூர்ப் பக்கம் கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். நாற்பத்தாறு வயது. குடலில் ஆரம்பித்த புற்று ஈரல் வரைக்கும் வந்திருந்தது. டாக்டர் மைமூன் அவர் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஊசி போட்ட இடத்தைச் சுற்றிப் பேனாவால் வரைந்த வட்டம் அப்படியே இருந்தது. வட்டத்துக்குள் தோல் வழவழவென்று, ஒன்றுமே நடக்காதது போல இருந்தது.

"நல்லதுதான?" என்று கேட்டார் சுடலைமுத்து.

மைமூன் குழல்வாய்மொழியைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த மருந்தைக் கண்டுபிடித்தவள் குழல்வாய்மொழி. கோயம்புத்தூரில் ஒரு பூஞ்சை ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். 'மேடம், உங்க மருந்து எல்லா ஊர்லயும் கேக்குது, உங்க சொந்த ஊர்ல மட்டும் கேக்க மாட்டேங்குது, ஒருதடவை நேர்ல வந்து பாருங்க' என்று மைமூன் போனில் சொன்னதால்தான் திருநெல்வேலிக்கு வந்திருந்தாள். வந்து நான்கு நாளாகிறது. அவள் பார்த்த பதினோராவது வெறுங்கை இது.

"நல்லது இல்ல அண்ணாச்சி," என்றாள் குழல்வாய்மொழி. "கை தடிச்சாத்தான் மருந்து வேலை செய்யும். மருந்தைப் பாத்ததும் உடம்புக்குக் கோவம் வரணும். அந்தக் கோவம்தான் புற்றைக் கொல்லுது. உங்க உடம்புக்குக் கோவம் வரலை."

சிரிப்பு அவர் முகத்தை விட்டுப் போக நேரம் பிடித்தது. அவர் மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் மடியில் வைத்திருந்த துணிப்பையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பையின் வாயிலிருந்து ஒரு பச்சை டப்பா எட்டிப் பார்த்தது.

"அது என்னம்மா?" என்று கேட்டாள் குழல்வாய்மொழி.

"மருதம் பொடிம்மா. அவுகளுக்குத்தான். ஒம்போது வருசமா ரெண்டு வேளை பால்ல கலக்கிக் குடுக்கேன். ஒரு நாள் விட்டதில்ல." அவள் டப்பாவை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். "நீங்கதானம்மா சொன்னிய. டப்பாவுலயே உங்க படம் இருக்கு."

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய படம். கன்னம் ஒட்டி, பெரிய மூக்குக்கண்ணாடி போட்ட குழல்வாய்மொழி அந்தப் பச்சை டப்பாவிலிருந்து அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

*

சிற்றாற்றங்கரையில் பட்டுப்போன மருதமரங்களில் மழைக்காலம் முடிந்ததும் ஒரு காளான் முளைக்கும். தவிட்டு நிறத்தில், காது மடல் போல, கையால் பிய்க்க முடியாத கெட்டியாக. தென்காசிப் பக்கத்தில் அதற்கு மருதங்காது என்று பேர். ஆட்டுக்காரர்கள் வயிற்றுக் கடுப்புக்கு அதைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். குழல்வாய்மொழி அந்த ஊர்க்காரி என்பதால் அதைக் கொண்டுபோய்ச் சோதித்தாள். அதிலிருந்த ஒரு புரதம் புற்றணுக்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டது. நல்ல அணுக்களை அது தொடவே இல்லை.

புற்று, உடம்பின் சொந்தப் பிள்ளை மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு இருப்பதால்தான் உடம்பு அதைத் தாக்குவதில்லை. அதன் மேல் ஓர் அந்நியப் பொருள் போய் ஒட்டிக்கொண்டால் உடம்பு விழித்துக்கொள்ளும். ஊசியாகப் போட்டபோது எலிகளுக்கு அதுதான் நடந்தது. பத்தில் எட்டு எலிகளுக்குக் கட்டி கரைந்தது.

அதைப் பற்றித்தான் ஒரு தொலைக்காட்சியில் பேட்டி எடுத்தார்கள். மனிதர்களுக்கு ஊசி வர இன்னும் பத்து வருடமாவது ஆகும் என்று அவள் சொன்னாள். பேட்டி எடுத்தவள் கடைசியாக, "அதுவரைக்கும் மக்கள் இந்தக் காளானைச் சாப்பிடலாமா மேடம்?" என்று கேட்டாள்.

"தாராளமாச் சாப்பிடலாம். ஒரு தீங்கும் கிடையாது," என்றாள் குழல்வாய்மொழி.

அவளோடு கல்லூரியில் படித்த சபாபதி அந்த வருடம்தான் சத்துமாவு கம்பெனி ஆரம்பித்திருந்தான். காளானைப் பண்ணையில் வளர்த்துக் காயவைத்து, பொடியாக்கி, பச்சை டப்பாவில் அடைத்தான். "நீ சொன்னதையும் உன் படத்தையும் போட்டுக்கலாமா?" என்று கேட்டான். போட்டுக்கொள்ளச் சொன்னாள். தனக்கு ஒன்றும் வேண்டாம், மாதம் ஒரு டப்பா தென்காசியில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினால் போதும் என்றாள்.

தெற்கத்தி ஜில்லாக்களில் அந்தப் பொடி வீட்டுக்கு வீடு போயிற்று. வீட்டில் ஒருவரைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர்கள் மிச்சமிருந்தவர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். கர்ப்பிணிகள் குடித்தார்கள். பீடி சுற்றுகிற பெண்கள் குடித்தார்கள். ஊசி வந்தபோது அதற்கு மருதின் என்று பேர் வைத்தார்கள். அதைச் சோதித்துப் பார்த்ததெல்லாம் பொடி போகாத வடக்கத்திப் பெருநகரங்களில்.

*

மைமூனும் அவளும் ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாளாகப் பழைய நோயாளிகளை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுக் கேட்டிருந்தார்கள். தோல் தடிக்காத நாற்பத்தொரு பேரில் முப்பத்தொன்பது பேர் பொடி சாப்பிட்டவர்கள்.

"எனக்குப் புரியலை மேடம்," என்றாள் மைமூன். "அதே புரதம்தானே? சாப்பிட்டா இன்னும் நல்லதுதானே செய்யணும்?"

"உங்க வீட்ல நாய் இருக்கா?"

"பக்கத்து வீட்ல இருக்கு."

"பால்காரரைப் பாத்து அது குரைக்குமா?"

"குரைக்காது. தினம் வர்றவர்."

"அதேதான். வயித்து வழியா தினமும் கொஞ்சங்கொஞ்சமா வர்ற எதையும் உடம்பு எதிரியா நினைக்காது. நினைச்சா நாம சோறே சாப்பிட முடியாது. இது நம்ம ஆள், விட்டுருன்னு குடல் எல்லாத்துக்கும் சொல்லி வச்சிடும். ஒம்போது வருஷம் வாசல்ல வந்து பால் ஊத்தினவன், ஒரு நாள் திருடனைப் பிடிக்க வந்து கத்தினா நாய் எழுந்திருக்காது."

மைமூன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டாள். "அப்ப பொடியை நிறுத்தினா?"

"தெரியலை. சிலதுக்கு உடம்பு மறக்கும். சிலதுக்கு ஆயுசு பூரா மறக்காது."

"நிறையச் சாப்பிட்டவங்களுக்குத்தான் இப்படியா?"

"இல்ல. கொஞ்சமா, தினமும் சாப்பிட்டவங்களுக்குத்தான் இது ரொம்ப நல்லாப் பதியும்."

பிறகு மைமூன், "உங்களுக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லைல்ல மேடம்?" என்று கேட்டாள். ஆறுதல் சொல்வதற்காகத்தான் கேட்டாள்.

குழல்வாய்மொழி அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டிருக்கலாம்.

"ஆறு எலி," என்றாள்.

"என்ன?"

"பேட்டிக்கு முந்தின வருஷம். ஒரு கூண்டுல ஆறு எலிக்கு ஊசி கேக்கவே இல்லை. என்னன்னு பாத்தா, தீவனம் போடறவர் தவறுதலா காளான் கழிவைத் தீவனத்தோட கலந்து ரெண்டு மாசமாப் போட்டிருக்கார். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? 'தீவனக் குழப்பம், சேர்க்க வேண்டாம்'னு நோட்ல எழுதி அந்த ஆறையும் கணக்குலேர்ந்து அடிச்சுட்டேன். ஏன் கேக்கலைன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதும். பத்துக்கு எட்டுங்கிற எண்ணு அவ்வளவு அழகா இருந்தது மைமூன். அதைக் கெடுக்க மனசு வரலை."

மைமூன் அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு, "இதை வெளிய சொல்லப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"சொல்லித்தானே ஆகணும்."

*

முதலில் சபாபதியிடம் போய்ச் சொன்னாள். அவன் வில்லன் அல்ல. கடைசி வரைக்கும் அமைதியாகக் கேட்டான். பச்சை டப்பாக்களாக அடுக்கியிருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்தபடி, "என் பிள்ளைங்க ரெண்டு பேரும் இதைக் குடிச்சுத்தான் வளந்தாங்க குழலி," என்றான்.

"தெரியும்."

"விற்பனையை இன்னைக்கே நிறுத்திடறேன். ஆனா நீ மேடை போட்டுச் சொன்னா என்ன ஆகும்னு யோசி. சாப்பிட்டவன் சாப்பிட்டாச்சு, அதைத் திருப்பி எடுக்க முடியாது. சொல்லி என்ன பண்ணப் போறே? நோயே இல்லாதவன்கூட இனிமே பயந்தே சாவான்."

"சொல்லலேன்னா இன்னைக்கு ஒருத்தன் வீட்ல இருக்கற டப்பாவைத் திறப்பான்."

"சரி, நிறுத்தச் சொல்லு. அந்த ஆறு எலியைச் சொல்லாதே. உனக்காகத்தான் சொல்றேன்."

அவள் ஆறு எலியையும் சொன்னாள். சென்னையில் பத்திரிகைக்காரர்கள் முன்னால், எழுதிக்கொண்டு போன காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். யார் யாரோ என்னென்னவோ கேட்டார்கள். ஒருவர் மட்டும், நரைத்த தாடிக்காரர், நிருபர் மாதிரியே இல்லை, பின்வரிசையில் எழுந்து நின்று, "நிறுத்தினா எத்தனை வருஷத்துல சரியாகும்? அதை மட்டும் சொல்லுங்க," என்றார். தெரியாது என்றாள். அவர் உட்காரவில்லை. கூட்டம் முடியும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் காரில் ஏறுவதற்கு முன்னாலேயே அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, டிவி பாத்தியா?"

"பாத்தேன்," என்றாள் உலகம்மாள்.

"பொடியை நிறுத்திட்டியா?"

மறுமுனையில் டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "நிறுத்தியாச்சு," என்று மட்டும் வந்தது.

பதினோரு வருடமாக மாதம் ஒரு டப்பா அக்காவுக்குப் போயிருந்தது. போனில் பேசும்போதெல்லாம் வேறு எதைக் கேட்காவிட்டாலும் 'பொடி சாப்பிடுதியா?' என்று கேட்பாள். 'சாப்பிடுதேன்' என்பாள் அக்கா. அம்மா போன பிறகு குழல்வாய்மொழியைப் படிக்கவைத்து, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, முப்பத்தைந்து வயதில் ஒரு மளிகைக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, ஐந்து வருடத்தில் அவரையும் இழந்தவள். ஊருக்கு வெளியே உள்ள தொடக்கப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தாள். தினம் தொண்ணூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள்.

"பயப்படாதக்கா. உனக்கு ஒண்ணும் வராது," என்று சொல்லிவிட்டுக் குழல்வாய்மொழி போனை வைத்தாள்.

*

நான்கு மாதம் கழித்து உலகம்மாளுக்கு வயிறு உப்பிக்கொண்டது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சினைப்பையில் புற்று. வெட்டி எடுத்தார்கள். வயிற்றுக்குள் அங்கங்கே விதைத்தது போலப் பரவியிருந்ததை எல்லாம் எடுக்க முடியவில்லை.

"மருதின் கேட்டா நல்ல வாய்ப்பிருக்கு," என்றாள் மைமூன். "ஆனா அக்கா பொடி..."

"பதினோரு வருஷம்," என்றாள் குழல்வாய்மொழி. "நானே அனுப்பினது."

"இருந்தாலும் தோல் டெஸ்ட் பாத்துருவோம் மேடம். நாற்பத்தொண்ணுல ரெண்டு பேரு பொடி சாப்பிடாமயே தடிக்காம இருந்தாங்க. தலைகீழா ஒருத்தர் சாப்பிட்டும் தடிக்கலாம்."

உலகம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"எனக்கு அந்த டெஸ்டு வேண்டாம்ட்டீ."

"ஏன்க்கா?"

"வேண்டாம்னா விடேன். என்னத்துக்குப் போட்டு என்னைய உயிரெடுக்க?"

முடிவு என்ன வரும் என்று தெரிந்துதான் அக்கா பயப்படுகிறாள் என்று குழல்வாய்மொழி நினைத்தாள். அன்று சாயங்காலம் கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து அக்காவின் காலைப் பிடித்துவிட்டாள். சொல்ல வேண்டும் என்று கோயம்புத்தூரிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். "நான்தான்க்கா உன்னைக் கெடுத்துட்டேன். உனக்கு நல்லது பண்ணுதேன்னு நினைச்சு மாசாமாசம் என் கையாலயே உன் மருந்தை அடைச்சு வச்சிட்டேன். உன் முகத்தைப் பாக்க முடியலை."

உலகம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். தங்கையின் தலையில் கையை வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

"அழாதட்டீ," என்றாள் கடைசியில். "சரி, போடச் சொல்லு அந்த ஊசியை."

ஊசி போட்டு வட்டம் வரைந்த பிறகு அவள் புடவைத் தலைப்பால் அந்தக் கையைப் போர்த்திக்கொண்டாள். இரண்டு நாளும் யாருக்கும் காட்டவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மனையும் மாறிமாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மைமூன் வந்து தலைப்பை விலக்கச் சொன்னபோது அவள் விலக்கவில்லை. மைமூன்தான் மெல்ல எடுத்தாள்.

முன்கை செக்கச்செவேலென்று சிவந்து, வட்டத்தைத் தாண்டி வீங்கியிருந்தது.

மைமூன் ஸ்கேலை வைத்து அளந்தாள். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள். "பதினெட்டு மில்லிமீட்டர்! மேடம், இங்க வாங்க, பதினெட்டு!"

குழல்வாய்மொழி அக்காவைக் கட்டிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையுமாக என்னவோ சொன்னாள். அக்காவின் உடம்பு விறைத்துக்கிடப்பது அவளுக்குத் தெரியக் கொஞ்ச நேரமாயிற்று.

"இது செவக்கக் கூடாதுன்னு ரெண்டு நாளா வேண்டிக்கிட்டு இருந்தேன்," என்றாள் உலகம்மாள்.

"என்னக்கா சொல்லுதே?"

"நான் அதை ஒரு கரண்டி தின்னதில்லட்டீ. நனைஞ்ச சாக்கு மாதிரி ஒரு வாடை அதுக்கு. மூக்குகிட்டக் கொண்டுபோனாலே எனக்குக் குமட்டும். நீ பிரியமா அனுப்புதே, கேக்கும்போது இல்லைன்னு சொல்ல மனசு வரலை. சாப்பிடுதேன்னு சொல்லிட்டேன்."

"ஐயோ அக்கா, அதனாலதான் நீ பிழைச்சே! இதுக்கா பயந்தே?" குழல்வாய்மொழி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மைமூன்தான் கேட்டாள்.

"அப்ப டப்பா எல்லாம் என்ன பண்ணீங்க?"

உலகம்மாள் தங்கையைப் பார்க்கவில்லை. மைமூனைப் பார்த்தே சொன்னாள்.

"வீணாக்க மனசு வரலைம்மா. இவ கண்டுபிடிச்ச மருந்து. இவ்ளோ பெரிய படிப்புப் படிச்சவ நல்லதுன்னு சொல்லுதா. என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைய எல்லாம் எலும்பும் தோலுமா இருக்கு. சாம்பார் சாதமோ தக்காளி சாதமோ, எதுன்னாலும் இறக்குற நேரத்துல ஒரு கரண்டி அள்ளிப் போட்டுக் கிண்டிருவேன். எனக்கு அந்த வாடை ஆகாதுல்லா, அதனால என் பங்கை முன்னாலயே ஒரு கிண்ணத்துல எடுத்து வச்சிருவேன்."

மைமூன் ஸ்கேலை மேசை மேல் வைத்தாள்.

"தினமுமா?"

"தினமும். பதினோரு வருசம். ஒரு நாளும் மறந்ததில்ல." அவள் தலைப்பை இழுத்து அந்தக் கையை மறுபடி மூடிக்கொண்டாள். "இவ டிவியில சொன்ன அன்னைக்குத்தான் நிறுத்தினேன். அன்னைக்கே இவகிட்டச் சொல்லியிருக்கணும். சொன்னா இவ தாங்க மாட்டாளேன்னு நினைச்சேன். இல்ல, பொய் சொல்லுதேன். எனக்குத்தான் வாய் வரலை."

குழல்வாய்மொழி கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சமா, தினமும். கேன்டீனில் மைமூனிடம் தான் சொன்னது மைமூனுக்கும் நினைவிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அன்று முழுக்க உலகம்மாள் மருந்து வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாத மருந்து தனக்கு எதற்கு என்றாள். குழல்வாய்மொழி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் மைமூன் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு உள்ளே வந்து நின்றாள்.

"நீங்க செத்துப் போயிட்டா, எந்தெந்தப் பிள்ளை சாப்பிட்டுச்சு, எது வீட்ல கட்டிக்கொண்டுவந்த சோத்தைச் சாப்பிட்டுச்சுன்னு யாருக்கும்மா தெரியும்? ரிஜிஸ்டரைப் பாத்தா தெரியுமா? சொல்லுங்க."

உலகம்மாள் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள். "எனக்குத்தான் தெரியும்," என்றாள். பிறகு சிவந்த கையை நீட்டினாள்.

*

ஆறு ஊசிகள். நான்காவது ஊசிக்குப் பிறகு ஸ்கேனில் புள்ளிகள் மங்கின. ஆறாவதுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. சுடலைமுத்து அந்தத் தை மாதம் இறந்துபோனார். குழல்வாய்மொழி கடையநல்லூருக்குப் போனாள். அவர் மனைவி வாசலில் நின்றவளை உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குழல்வாய்மொழி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

உலகம்மாள் நடந்ததை எழுதி ஒன்றிய அலுவலகத்தில் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். விசாரணை வைத்தார்கள், வேலை போயிற்று. பள்ளிக்கூடத்துப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கி, அக்காவும் தங்கையும் ஒரு வாரம் உட்கார்ந்து பேர்களை எடுத்தார்கள். 'இவன் சாம்பாரே தொட மாட்டான்', 'இவ அக்கா தங்கச்சி மூணு பேரும் மிச்சம் வைக்க மாட்டாளுக', 'இந்தப் பையன் ரெண்டாந்தடவை வந்து தட்டை நீட்டுவான்' என்று ஒவ்வொரு பேருக்கும் உலகம்மாள் சொல்லச் சொல்ல, குழல்வாய்மொழி எழுதினாள். முன்னூற்றுப் பதினான்கு பேர். மூத்ததுக்கு இருபத்திரண்டு வயது, சிறியதுக்கு ஆறு. அரசாங்கம் கடிதம் அனுப்பிக்கொள்ளும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கடிதத்தில் சொல்கிற விஷயமா இது என்றாள் உலகம்மாள்.

முதல் வீடு பள்ளிக்கூடத்திலிருந்து மூன்றாவது தெரு. முத்துமாரி என்ற பெண், இப்போது செவிலியர் படிப்பு இரண்டாம் வருடம். லீவுக்கு வந்திருந்தவள் ஓடிவந்து உலகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்மா, சத்துணவு அக்கா வந்திருக்காவ!" என்று உள்ளே பார்த்துக் கூவினாள். நாற்காலி போட்டாள். "நல்லா மெலிஞ்சிட்டியளே அக்கா. இப்ப உடம்பு எப்படி இருக்கு? எங்க ஹாஸ்டல் சாப்பாட்டை வாயில வைக்க முடியலை. உங்க சோத்தைத்தான் நினைச்சுக்கிடுவேன்."

உலகம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சாம்பார், பொடி, கரண்டி, தனியாக எடுத்துவைத்த கிண்ணம், எதையும் விடவில்லை. குழல்வாய்மொழி இடையில் பேசப் போனபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

முத்துமாரிக்குப் படிப்பு அப்படி என்பதால் பாதியிலேயே புரிந்துவிட்டது. "இப்ப எனக்கு ஒண்ணும் இல்லைல்லா?" என்றாள்.

"இப்ப ஒண்ணும் இல்லம்மா," என்றாள் குழல்வாய்மொழி. "என்னைக்காவது வந்தா, அப்ப இந்த மருந்து உனக்குக் கேக்காது. வேற மருந்துக எல்லாம் கேக்கும். இது மட்டும் கேக்காது."

"மறுபடியும் கேக்க வைக்க முடியாதா?"

"அதைத்தான் இப்பப் பாத்துக்கிட்டு இருக்கேன். முடியும்னு உனக்கு வாக்குக் குடுக்க என்னால முடியாது."

அந்தப் பெண் தலையாட்டினாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அம்மாதான் நிலைப்படியில் காப்பித் தம்ளர்களோடு அப்படியே நின்றிருந்தாள். காப்பியைக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாதது போல அதைப் பார்த்தாள். பிறகு கீழே, சுவரோரமாக வைத்தாள்.

"எத்தனை பிள்ளைய?" என்று கேட்டாள்.

"முன்னூத்திப் பதினாலு."

"எல்லார் வீட்டுக்கும் போவப் போறியளா?"

"ஆமா."

"பாதிப் பேரு திருப்பூர், கேரளான்னு போயிருச்சுவளே. எத்தனை வருசம் ஆவும்? அதுவரைக்கும் உங்களுக்கு உடம்பு தாங்குமா? உங்களுக்கும் அந்த நோவுதான்னு சொன்னாவ?"

உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தாங்கும்," என்றாள். "எனக்கு மருந்து கேட்டுட்டு."